ஃப்யூஸை மாற்றும் முன்

மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு என்று வந்துகொண்டிருந்த ரிப்பேர் மேஜைக்கு இப்போது ஏர் ஃப்ரையரும் வருகிறது. ஃபிலிப்ஸ் கம்பெனி 2010-ல் பெர்லின் கண்காட்சியில் இறக்கிய பொருள் இது. நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது வெகுகாலம் கழித்துத்தான், அதனால் இதில் பழகிய கை இன்னும் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை. மேலே ஒரு ஃபேன், அதன் கீழே காயில், அதற்கும் கீழே கூடை. காயில் சூட்டைக் கொடுக்கிறது. ஃபேன் அந்தச் சூட்டைக் கூடைக்குள் சுழற்றுகிறது. போதும் என்றானதும் தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ காயிலை நிறுத்துகிறது. ‘ஓவர் ஹீட்’ என்று வரும் புகாரெல்லாம் இந்த மூன்றில் ஒன்று தன் வேலையை விட்டதால் வரும், இல்லையென்றால் இவற்றை இணைக்கும் ஒயர் முனை கெட்டதால் வரும். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, பார்ட்ஸ் மாற்றுவது அதற்குப் பிறகு. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, மேஜையில் நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் கேள்.

“சூடாகுது” என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு புகார் இருக்கும். பின்பக்கம் கை வைக்க முடியவில்லை என்பார்கள். காற்று வெளியேறும் வழி அங்கேதான் இருக்கிறது, உள்ளே 200 டிகிரி ஓடும்போது அது சுடத்தான் செய்யும், அதற்கு ரிப்பேர் இல்லை. பிளக் சுடுகிறது என்றால் அது வேறு வியாதி. மேலே கருகி உள்ளே வேகாமல் வருகிறது என்றால் ஃபேன் பக்கம் சந்தேகப்படு. எந்த டிகிரியில் வைத்தாலும் கருகினால் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார். நடுவில் நின்று, ஆறியதும் தானாக ஓடினால் கட்-ஆஃப் தன் கடமையைச் செய்திருக்கிறது. நின்றது நின்றதுதான் என்றால் பெரும்பாலும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கும். வெள்ளைப் புகை கொழுப்பும் எண்ணெயும் காய்ந்த புகை. பிளாஸ்டிக் வாடையோடு வந்தால் ஒயர் கருகுகிறது. புது மெஷினில் முதல் சில தடவை லேசான வாடை வருவது சகஜம்.

“அக்கா, அன்னைக்கு என்ன செஞ்சுட்டு இருந்தீங்க? எங்க வெச்சு ஓட்டுனீங்க? எவ்வளவு நேரத்துல நின்னுச்சு?” இந்த மூன்றையும் பணிவாகக் கேள். போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்டால், “சும்மாதான் தம்பி ஓடுச்சு” என்று முடித்துக்கொள்வார்கள். அப்புறம் நீதான் இருட்டில் துழாவ வேண்டும்.

2. வாரண்டி இருந்தால் திறக்காதே. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடு. உனக்கு ஒரு வேலை போகும், போகட்டும்.

3. மெஷினில் கோளாறே இல்லாமல் சூடு ஏறுவது நிறைய உண்டு.

சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். பின்னால் தள்ளிய சூடான காற்று சுவரில் மோதி மறுபடி மெஷினுக்குள்ளேயே போகும். நான்கு பக்கமும் மேலேயும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இடம் போதவில்லை என்று கேஸ் அடுப்பின் மேல் வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் அங்கே வைக்கக்கூடாது என்று நேராகவே சொல்லிவிடு.

அடுத்தது பேப்பர். கூடை அழுக்காகாமல் இருக்க பட்டர் பேப்பரையோ அலுமினிய ஃபாயிலையோ அடிமுழுக்க விரித்துவிடுகிறார்கள். கூடையில் ஓட்டைகள் இருப்பதே காற்று போய்வர. அதை அடைத்தால் சூடு மேலேயே நின்றுவிடும். மேலே பாரம் இல்லாத பேப்பர் பறந்து போய்க் காயிலில் ஒட்டிக் கருகவும் செய்யும். அப்பளமும் அப்படித்தான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம் என்று ஆசையாகப் போடுவார்கள், அது ஃபேன் காற்றில் எழும்பிக் காயிலில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஒரு கம்பி வலை வைத்துப் போடச் சொல்.

கரண்ட் கட்டையும் மறக்காதே. முழுச் சூட்டில் ஓடும்போது கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். காயிலில் இருக்கும் சூடு மேலே ஏறி, அங்கே இருக்கும் ஃப்யூஸையும் மோட்டாரையும் தாக்கும். சமையல் முடிந்த கையோடு பிளக்கைப் பிடுங்கினாலும் இதே கதைதான். சமையல் முடிந்த பின்னும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுகிற மாடலாக இருந்தால் அதை ஓடவிட வேண்டும். கரண்ட் போனால் கூடையை உடனே வெளியே இழுத்துவிடச் சொல். உள்ளே இருக்கும் சூடு வெளியேற அது ஒரு வழி.

4. பிளக்கைத் திருப்பிப் பார்.

பின்னில் கறுப்பு, பிளாஸ்டிக்கில் பழுப்பு தெரிந்தால் பாதிக் கதை வீட்டுச் சுவரில் இருக்கிறது. 1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நம் நாட்டு வீட்டுப் பிளக்குகளுக்கான ஐஎஸ் 1293 தரத்தில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவு. பெரிய பிளக்கோடு வந்த மெஷினுக்குக் கன்வெர்ட்டர் மாட்டி, சின்ன பாயிண்டில் செருகி, அதே ஜங்ஷன் பாக்ஸில் மிக்ஸியையும் ஓட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்? பிளக்கை மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டில் அந்தப் பாயிண்டையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த சாக்கெட் புது பிளக்கையும் சீக்கிரம் கருக்கிவிடும்.

5. திறக்கும்போது உயிர் முக்கியம்.

பிளக்கைப் பிடுங்கி, உன் கண் முன்னால் மேஜை மேல் வை. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே. டிஜிட்டல் மாடலில் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வை.

புதுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விலை குறைந்த போர்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது. சின்னதாக இரண்டு ஒயரோடு தொங்கும் சென்சார்கூட மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ‘5 வோல்ட் ஒயர்தானே’ என்று மெஷின் ஓடும்போது தொட்டால் 230 வோல்ட் அடிக்கும்.

ஸ்க்ரூ சில கால் ரப்பருக்குள்ளும், சில ஸ்டிக்கருக்கு அடியிலும் இருக்கும். ஒயரைக் கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள். ஞாபகம் இருக்கும் என்பது எல்லோரும் சொல்வது.

6. தெர்மல் ஃப்யூஸ் போயிருந்தால், அதை மாற்றாதே. இன்னும்.

செத்து வரும் மெஷினில் மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து லைனைத் தொடர்ந்து போனால், காயிலுக்கு மேலே, ஃபைபர் ஸ்லீவுக்குள் ஒரு சின்ன உருளை கிடைக்கும். அதற்குள் ஒரு குறிப்பிட்ட சூட்டில் உருகும் பொருள் இருக்கிறது. அது உருகினால் தொடர்பு விடும், விட்டது திரும்பச் சேராது. மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட், 216 டிகிரி என்கிற மாதிரி அச்சு இருக்கும். மாடலுக்கு மாடல் டிகிரி மாறும்.

போன ஃப்யூஸைக் கண்டதும் புதுப் பையனுக்கு வரும் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். இருபது முப்பது ரூபாய்ச் சாமான், பத்து நிமிட வேலை, மெஷின் ஓடுகிறது, வாடிக்கையாளர் கையெடுத்துக் கும்பிடுகிறார். அடுத்த மாதம் அதே மெஷின் திரும்பி வரும், அல்லது வராது. வராமல் இருப்பதுதான் பயம். ஃப்யூஸ் சும்மா போவது மிகக் குறைவு. அது இருக்கும் இடத்துக்கு வரக்கூடாத சூடு வந்ததால்தான் போனது. ஃபேன் நின்றதா, ரிலே ஒட்டிக்கொண்டதா, பக்கத்து முனை லூஸா என்று தெரியாமல் புது ஃப்யூஸ் போட்டால் அதே சூட்டை இன்னொரு தடவை வரவழைக்கிறாய்.

ஃப்யூஸை ‘டைரக்ட்’ பண்ணுவது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத வேலை. சாமான் கிடைக்கவில்லை, அவசரமாகக் கேட்டார்கள் என்று ஒரு துண்டு ஒயரை முறுக்கி விடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சோதனைக்காகக்கூட அதைச் செய்யாதே. சோதனைக்குப் போட்டது அப்படியே மூடப்பட்டு வீட்டுக்குப் போன கதைகள் உண்டு.

காரணம் பிடிபட்ட பிறகு மாற்று. அதே டிகிரி, அதே ஆம்பியர், அதே இடம். கிடைத்ததே 240 என்று 216 இருந்த இடத்தில் போடாதே. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உன் ஊர்க் கடையில் வாங்கினாலும் அச்சைப் படித்துப் பார்த்து வாங்கு, மங்கலாக இருந்தால் வேண்டாம். சால்டரிங் வைக்காதே, அந்தச் சூட்டிலேயே உள்ளே உருகிவிடும். மெட்டல் ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய், மேலே ஃபைபர் ஸ்லீவை மறக்காமல் இழுத்துவிடு.

7. ஃபேனைக் கையால் சுற்றிப் பார்.

ஓவர் ஹீட் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். காயில் நன்றாக இருந்து, காற்று மட்டும் குறைந்தால் சூடு காயிலைச் சுற்றியே தேங்கும். சென்சார் ஓரத்தில் இருக்கும், அதற்குச் செய்தி தாமதமாகப் போகும். அதற்குள் மேலே இருக்கும் ஃப்யூஸ் தன் எல்லையைத் தாண்டியிருக்கும்.

பல மாடல்களில் ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு விசிறி. கீழே உள்ளது கூடைக்கு, மேலே உள்ளது மோட்டாரைக் குளிர்விக்க. இரண்டையும் பார். கையால் சுற்றினால் லேசாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் புஷ் காய்ந்திருக்கிறது. இதில் ஒரு சூது உண்டு. குளிர்ந்த மோட்டார் நன்றாகச் சுற்றும், சூடேறிய பின்தான் தளரும். ஆகவே மேஜையில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘ஃபேன் ஓகே’ என்று சொல்லாதே. புஷ்ஷுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற கை வைத்தியம் வேண்டாம், அந்தச் சூட்டில் அது பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயும் நிற்காது. சூடு தாங்கும் கிரீஸ் வை, புஷ் தேய்ந்திருந்தால் மோட்டாரையே மாற்று.

விசிறி இதழில் எண்ணெய்ப் பிசுக்கு அடைபோல் படிந்திருந்தால் சுத்தம் செய். விசிறி நட்டு பல மாடல்களில் லெஃப்ட் திரெட். வழக்கம்போல் திருகி ஷாஃப்ட்டை முறித்துவிடாதே. காயிலைச் சுத்தம் செய்ய மெல்லிய பிரஷ் போதும். ஸ்டீல் நார் போடாதே, அதன் துணுக்கு உள்ளே தங்கினால் ஷார்ட்.

8. போதும் என்று சொல்ல வேண்டியவன் சொல்கிறானா?

திருகு மாடலில் சோதனை சுலபம். தெர்மோஸ்டாட்டை மிகக் குறைந்த அளவான 80 டிகிரியில் வைத்து, டைமரைத் திருகி ஓடவிடு. சில நிமிடங்களில் ஹீட்டிங் விளக்கு அணைய வேண்டும், ஃபேன் மட்டும் ஓட வேண்டும். விளக்கு அணையவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு அணைந்தும் உணவு கருகுகிறது என்றால் தெர்மோஸ்டாட் நல்லதாக இருந்து, அது உட்காரும் ஸ்க்ரூ தளர்ந்து தகட்டை விட்டு விலகியிருக்கும். சூடு அதற்கு வந்து சேரத் தாமதம் ஆகும்.

டிஜிட்டல் மாடலில் என்டிசி சென்சார். சூடு ஏற ஏற இதன் ஓம்ஸ் குறையும். பல மாடல்களில் 100 கிலோ ஓம் வகை இருக்கும், அது 25 டிகிரியில் காட்டும் அளவு. நம் ஊர்க் கோடையில், 35 டிகிரி அறையில் 65 கிலோ ஓம் காட்டினால் ‘கெட்டுவிட்டது’ என்று கழற்றி எறியாதே, அது சரியாகத்தான் சொல்கிறது. கொதிக்கும் தண்ணீர்ச் சூட்டில் ஏறக்குறைய 7 கிலோ ஓம் வரும். முழுதாக அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ போர்டு கண்டுபிடித்துத் திரையில் ஈ1, ஈ2 என்று காட்டும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்த மாடலின் புத்தகத்தைப் பார்.

ஆபத்தானது அரைகுறைக் கோளாறு. சென்சார் தன் கிளிப்பை விட்டு வெளியே தொங்கினாலோ, கனெக்டரில் பச்சை பிடித்து ஓம்ஸ் கூடியிருந்தாலோ போர்டு ஏமாந்துவிடும். உள்ளே 200 ஆனாலும் ‘இன்னும் 150தான்’ என்று நினைத்துக் காயிலை ஓட்டிக்கொண்டே இருக்கும். எரர் எதுவும் காட்டாது. சென்சார் அதன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது மீட்டர் வைப்பதைவிட முதல் வேலை.

9. ரிலே. போர்டுக்குக் கரண்ட் இல்லாதபோது, காயிலுக்குப் போகும் ரிலே முனைகளில் மீட்டர் வை. தொடர்பு காட்டினால் பாயிண்ட் வெல்டு ஆகியிருக்கிறது. திரை அணைந்த பின்னும் காயில் சிவப்பாக இருந்தது என்று வீட்டில் சொன்னால் வேறெங்கும் தேடாதே. ரிலேயைத் தட்டி விடுவித்துக் கொடுக்காதே, மாற்று. திருகு மாடலில் இதே வியாதி டைமர் பாயிண்டில் வரும்.

10. காயிலை அள.

230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்டால் வகு. 1500 வாட்டுக்கு 35 ஓம்ஸ். நைக்ரோம் சூட்டில் அதிகம் மாறாது, ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்தாலே போதும். 28 ஓம்ஸ் காட்டினால் அந்தக் காயில் 1900 வாட் அளவுக்கு எரிகிறது. சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அல்லது யாரோ அறுந்ததை முறுக்கிச் சேர்த்து நீளத்தைக் குறைத்திருப்பார்கள். சீரீஸ் லாம்ப்பை நம்பி இதைத் தீர்மானிக்காதே. 100 வாட் பல்புக்கு முன்னால் 35 ஓம்ஸ் காயிலும் நேர் ஷார்ட்டும் ஒரே மாதிரிதான் எரியும்.

வீட்டு வோல்டேஜையும் கேள். 260 வோல்ட் வருகிற தெருவில் 1500 வாட் மெஷின் 1900 வாட்டைத் தாண்டும். கோளாறு மெஷினில் இல்லை, மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் அது.

11. ஒயர் முனை ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்.

அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் கோசோரி கம்பெனியின் ஏர் ஃப்ரையர்கள் ஏறக்குறைய 20 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த காரணம், உள்ளே இருந்த ஒயர் இணைப்பு சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம். காயிலோ போர்டோ காரணம் இல்லை, ஒரு இணைப்பு. இதைப் புதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன்.

கணக்கு இதுதான். ஒரு லக் தளர்ந்து அரை ஓம் தடை வந்தால், ஆறரை ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 21 வாட் சூடு. உன் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ஒயர் கட்டுக்குள் செருகி மூடிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான் லூஸ் லக்கோடு அனுப்புவதும். நிறம் மாறிய லக், காய்ந்து நொறுங்கும் ஸ்லீவ், நீலம் பூத்த முனை எதைக் கண்டாலும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு வரை உரித்து, புது லக்கைச் சரியான கிரிம்பிங் டூலால் அழுத்து. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ஒயரும் சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண பிவிசி ஒயரைக் காயில் பக்கம் ஓட்டாதே. கூடையை இழுத்தால் கரண்டை நிறுத்தும் மைக்ரோ சுவிட்சின் முனைகளையும் விட்டுவிடாதே. நாள்தோறும் கூடையை இழுத்துத் தள்ளுவதில் முதலில் தேய்வது அதுதான்.

12. மூடியதும் கொடுத்துவிடாதே.

முதலில் எர்த் பின்னுக்கும் உடம்புத் தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா, லைனுக்கும் எர்த்துக்கும் லீக் இல்லையா என்று மெகர் வைத்துப் பார். பிறகு 180-ல் வைத்து, கே டைப் தெர்மோகப்பிள் முனையைக் கூடையின் நடுவில் நிறுத்தி, இருபது நிமிடமாவது ஓட்டு. தூரத்திலிருந்து சுடும் இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளப்பான தகட்டில் பொய் சொல்லும். ஆரம்பத்தில் சூடு குறியைத் தாண்டி ஏறி, இறங்கி, பிறகு மேலும் கீழுமாக ஆடும். அது இயல்பு. ஏறிக்கொண்டே போனால் வேலை முடியவில்லை. ஓடி முடிந்ததும் பிளக் பின்னையும் பிளக் அருகே ஒயரையும் தொட்டுப் பார், பிடுங்கிய பிறகு.

13. சில மெஷின்களை வேண்டாம் என்று திருப்பிவிடு.

உள் பிளாஸ்டிக் வளைந்தது, போர்டு கரியானது, யாரோ ஃப்யூஸை டைரக்ட் பண்ணி ஓட்டியது, இவையெல்லாம் வாழ்ந்து முடிந்தவை. வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்தால் அங்கேயே பிளக் ஒயரை வெட்டிவிடு. இல்லையென்றால் அது பழைய சாமான் கடை வழியாக இன்னொரு வீட்டில் போய் உட்காரும்.

சரி செய்தவற்றுக்குப் பில் எழுதும்போது ‘ஃப்யூஸ் மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதாதே. எதனால் போனது என்பதையும் ஒரு வரி எழுது: ஃபேன் புஷ், ரிலே, லூஸ் லக், சுவரோடு ஒட்டி வைத்தது, எதுவோ அது. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் மெஷினைக் கொடுக்காதே, நாளைக்கு வரச் சொல்லிவிட்டு மறுபடி திற.